புதுச்சேரியில் வடிவமைப்பாளர்களுக்கான இரண்டு நாள் தொழில் பயிற்சி: என் மதிப்பீடு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆறு ஆண்டுகளாக லோகோ, பெட்டி அட்டை, திருமண அழைப்பிதழ் என்று வடிவமைத்து வரும் நான், வேலை தெரிந்தும் கையில் காசு நிற்காதது ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் புதுச்சேரி மிஷன் வீதிக்கு அருகில் நடந்த இந்த வகுப்பில் சேர்ந்தேன். கட்டணம் 2,500 ரூபாய். மதிய உணவும் அதில் அடக்கம்.

முதல் நாள் காலை முழுவதும் கொட்டேஷன் எழுதும் பயிற்சியில் சென்றது. வகுப்பின் சிறந்த பகுதியும் அதுவே. ஒரு பேக்கரிக்கு லோகோவும் கேக் பெட்டியும் செய்வதாக வைத்துக்கொண்டு எழுதச் சொன்னார்கள். நான் ‘லோகோ, பெட்டி வடிவமைப்பு: ரூ. 12,000’ என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். பயிற்றுநர் அதன் ஓரத்தில் சிவப்புப் பேனாவால், எத்தனை மாதிரிகள், எத்தனை முறை திருத்தம், ஓப்பன் ஃபைல் (திருத்தக்கூடிய மூலக் கோப்பு) உண்டா, அச்சுக்கூலி யாருடையது, அட்வான்ஸ் எவ்வளவு என்று ஐந்து கேள்விகளை எழுதித் திருப்பித் தந்தார். சென்ற ஆண்டு ஒரு கடைக்கு ஒரே லோகோவைப் பதினான்கு முறை திருத்திக் கொடுத்துவிட்டுப் பாதிப் பணத்தோடு திரும்பியவன் நான். அந்தத் தாளைப் பார்த்தபோது, இரண்டாவது கேள்வியையாவது அன்று எழுத்தில் வைத்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது.

வரி பற்றிய பகுதி நம் ஊர்களுக்கென்றே அமைத்தது போலிருந்தது. புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம் என்பதால், இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் கடலூரிலிருந்து இங்குள்ள நிறுவனத்துக்குச் செய்யும் வேலை மாநிலம் கடந்த சேவையாகிறது. ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் 18 சதவீத வரியை ஐஜிஎஸ்டியாக, அதாவது மாநிலம் கடந்த விற்பனைக்கான ஜிஎஸ்டியாக, பில்லில் காட்ட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவருக்கு, மாநிலம் கடந்து சேவை செய்தாலும் பதிவு கட்டாயமில்லை. உத்யம் என்னும் அரசின் சிறு தொழில் பதிவு வைத்திருக்கும் சிறு தொழில்முனைவோருக்கு, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, வேலை வாங்கியவர் பணம் தருவதற்கான கெடு 45 நாள்களுக்கு மேல் போகக் கூடாது என்பதும் எனக்குப் புதிய செய்தி.

குறை ஒன்று உண்டு. பதிப்புரிமையை இரண்டாம் நாள் மாலை பத்தே நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். உரிமை மாற்றம் கையெழுத்திட்ட எழுத்தில் இருக்க வேண்டும், காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும் என்று 1957ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதைப் படித்துக் காட்டினார்களே தவிர, அதை ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது என்று காட்டவில்லை. கொட்டேஷனுக்குத் தந்தது போல இதற்கும் ஒரு மாதிரித் தாளும் சிவப்புப் பேனாவும் தந்திருந்தால், இன்னொரு நாள் கட்டணத்தைக் கூடத் தயங்காமல் கட்டியிருப்பேன்.