பழைய சப்ரெஸர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: என் 650 டாலர் போய்விட்டது

டெக்சஸில் இருக்கும் நம்மவர்கள், குறிப்பாகக் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள். துப்பாக்கி முனையில் மாட்டும் சப்ரெஸர் ஒன்றை, சைலன்சர் என்றால் எல்லோருக்கும் புரியும், தனியாள் ஒருவனிடம் செகண்ட் ஹேண்டில் வாங்க 650 டாலர் கொடுத்தேன். பொருளும் இல்லை, பணமும் இல்லை. எழுதும்போதே கை நடுங்குகிறது.

இதைக் காசு கொடுத்துக் கையோடு எடுத்துவர முடியாது. 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொன்றும் வரிசை எண்ணோடு மத்திய அரசிடம் பதிவாகியிருக்கும். ஒரே மாநிலத்துக்காரர்கள் தங்களுக்குள் விற்கலாம். ஆனால் விற்பவர் படிவம் 4 என்ற உரிமை மாற்ற விண்ணப்பத்தை அனுப்பி, ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுத் துறை) ஒப்புதல் வரும்வரை பொருள் அவரிடமே இருக்க வேண்டும். முன்கூட்டியே வாங்கி வைத்தால் 10 ஆண்டுவரை சிறை. அந்த இடைவெளியில்தான் இவன் பிழைப்பு நடத்துகிறான்.

வேட்டைச் சாமான் விற்கிற ஓர் இணையச் சந்தையில் விளம்பரம் பார்த்து, சுடும் பயிற்சித் திடலின் வாசலில் சந்தித்தோம். பிளாஸ்டிக் உறையிலிருந்து, பொருள் தன் பெயரில் பதிவாகியிருப்பதற்கான ஒப்புதல் தாளை எடுத்துக் காட்டினான். சப்ரெஸர் குழாயில் பொறித்த எண்ணும் தாளில் இருந்த எண்ணும் ஒன்றுதான். டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன், தகடுகளில் குண்டு உரசிய தடமே இல்லை. மரைப் பக்கம் மட்டும் பிறை வடிவில் ஒரு கீறல். பார்த்து முடித்ததும் அவனே கை நீட்டி வாங்கிக்கொண்டு, "ஒப்புதல் வராமல் தரமாட்டேன், எனக்குச் சட்டம் முக்கியம்" என்றான். இவ்வளவு கறாராகப் பேசுகிறவனை யார்தான் நம்பமாட்டார்கள்? அங்கேயே 650 டாலரையும் பணம் அனுப்பும் செயலியில் அனுப்பினேன். கமிஷன் மிச்சமாகும் என்று, நண்பருக்கு அனுப்புவதுபோல் அனுப்பச் சொன்னான். படிவத்தோடு வைக்க என் கைரேகை அட்டைகளையும் புகைப்படத்தையும் கொடுத்தேன்.

அப்புறம் ஒரே சாக்குதான். "அனுப்பிவிட்டேன், அரசாங்க வேலை மெதுவாகத்தான் நடக்கும்." "தபாலில் தொலைந்திருக்கும்." "மனைவிக்கு ஆபரேஷன்." பிறகு பதிலே இல்லை. முன்பெல்லாம் படிவத்தோடு போகும் 200 டாலர் வரிக் காசோலை வங்கியில் பணமானால் படிவம் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். 2026 ஜனவரி முதல் அந்த வரி பூஜ்யம், அந்த அடையாளமும் போயிற்று. பதிவேட்டையும் வெளியாள் பார்க்க முடியாது.

போன வாரம் வேறொரு விளம்பரத்தில் அதே குழாய், அதே பிறைக் கீறல்! இணையச் சந்தையில் புகார் செய்தால், "நாங்கள் விளம்பரம் மட்டும்தான் போடுகிறோம்" என்கிறார்கள். செயலிக்காரர்களோ துப்பாக்கிச் சாமானுக்குப் பாதுகாப்பே கிடையாது என்று முடித்துவிட்டார்கள். காவல் நிலையத்தில், "சிவில் வழக்கு, கோர்ட்டுக்குப் போங்கள்." 650 டாலர் இவர்களுக்கெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. உரிமம் உள்ள டீலர் வழியாக மட்டும் வாங்குங்கள். குழாய் டீலர் கையில் போய்ச் சேராமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். வேறு மாநிலத்து ஆள் என்றால் டீலர் இல்லாமல் வாங்குவதே குற்றம். எச்1பி விசாவில் இருப்பவர்கள் வக்கீலைக் கேட்காமல் இந்தப் பக்கமே வராதீர்கள். கைரேகை அட்டையை முன்பின் தெரியாதவனிடம் கொடுக்காதீர்கள், என்னுடையது இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.