வேலையில் பாகுபாடு: நியாய சபையா, உயர் நீதிமன்றமா?

சாதி, மதம், பால், பிறந்த ஊர் பார்த்து வேலையில் ஒதுக்கப்பட்டவர் முதலில் பார்க்க வேண்டியது, சம்பளம் தருவது அரசா தனியாரா என்பதை. இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றம் (Supreme Court) விசாரிப்பது அரசின் நிர்வாகச் செயல்களை மட்டுமே. யாழ்ப்பாணத்துப் புடைவைக்கடையில் நிற்கும் பிள்ளைக்கு அந்த வழி இல்லை.

அரச ஊழியருக்கு அது பலமான வழி, ஆனால் அவகாசம் ஒரே மாதம். மனு கொழும்பு புதுக்கடைக்குப் போக வேண்டும். சட்டத்தரணி, பயணம் எல்லாம் செலவு. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ் அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்கிறது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். பலர் வழுக்குவது இங்கேதான்: முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்ட வேண்டும். ஆணைக்குழுவின் பரிந்துரையை நீதிமன்றத் தீர்ப்புப்போல நிறைவேற்றிக்கொள்ளவும் முடியாது.

தனியார் ஊழியரை வேலையிலிருந்து நிறுத்தினால் தொழில் நியாய சபைதான் சரியான இடம். அவகாசம் ஆறு மாதம். தொழில் திணைக்களத்தில் முறையிட்டதால் அந்தக் கணக்கு நின்றுவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. சட்டத்தரணி இல்லாமலும் தோன்றலாம், தொழிற்சங்கமும் பேசலாம். அங்கே வழக்கு ‘பாகுபாடு’ என்றல்ல, ‘நியாயமற்ற பணிநீக்கம்’ என்றே போகும். முதலாளி சொல்லும் காரணம் பொய் என்பதற்குப் பாகுபாடு சான்றாகும். வென்றால் மீண்டும் வேலை, அல்லது நட்டஈடு.

நிறுத்தியதை முதலாளி ஒத்துக்கொண்டால், அது நியாயமானது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். “அவர் தானாய் நின்றவர்” என்று சொல்லிவிட்டாலோ பாரம் ஊழியர் தலையில். அதனால் வற்புறுத்தலுக்காக விலகல் கடிதத்தில் கையெழுத்து வைக்கவே வேண்டாம். வாய்ப்பேச்சில் போகச் சொன்னால், “வேலைக்கு வரத் தயார், என்னை ஏன் நிறுத்தினீர்கள்?” என்று அன்றைக்கே பதிவுத் தபாலில் எழுதிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, சேமலாப நிதிக் கூற்று மூன்றும் கையில் இருக்கட்டும்.

வேலையில் இருக்கும்போதே பதவி உயர்வு மறுக்கப்படும் தனியார் ஊழியரின் நிலைதான் மோசம். நியாய சபையின் வழக்கமான மனு பணி முடிந்தவருக்கானது. இவருக்குத் தொழில் ஆணையாளரிடம் தொழில் பிணக்காக முறையிடுவதே மிச்சம். மாற்றுத்திறனாளியை ஆட்சேர்ப்பில் ஒதுக்கினால் மட்டும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி மாகாண மேல் நீதிமன்றம் போகலாம்.