தைபேயில் ஏழு வருடம், மூன்று யோயோ கா

2018 செப்டம்பரில் தைபே வந்து இறங்கிய மறுநாள், மெட்ரோ நிலையத்தில் 100 தைவான் டாலர் கொடுத்து ஒரு ஈஸிகார்டு வாங்கினேன். அந்த நூறு அட்டையின் விலை, திரும்ப வராது. பயணத்துக்கான பணத்தைத் தனியாக ஏற்ற வேண்டும். உள்ளூர்க்காரர்கள் இதை ‘யோயோ கா’ என்கிறார்கள். ‘கா’ என்றால் கார்டு. ‘யோயோ’ என்றால் அவசரமில்லாமல் சுற்றித் திரிவது. ஊர்சுற்றி அட்டை என்று நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். இப்போது கையில் இருப்பது மூன்றாவது. முதல் இரண்டின் கதையும் வரும்.

ஆரம்பத்தில் பாடாய்ப் படுத்தியது பஸ்தான். சில பஸ்ஸில் ஏறும்போது அட்டையைத் தட்ட வேண்டும், சிலதில் இறங்கும்போது, தூரம் போகிற பஸ்ஸில் இரண்டு முறையும். முன்னால் ஒளிரும் பலகையில் ‘ஷாங்’ என்ற எழுத்து இருந்தால் ஏறும்போது, ‘சியா’ என்றால் இறங்கும்போது. புதிதாக வந்தவன் கண்ணுக்கு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டால் மற்றொன்று போலத்தான் தெரியும். 2019 ஜூலையில் எல்லா பஸ்ஸிலும் இரண்டு முறையும் தட்டவேண்டும் என்று மாற்றினார்கள். எனக்கு அன்றைக்குத்தான் நிம்மதி.

வீடு பான்ச்சியாவோவில், வேலை நாங்காங்கில். நீலத் தடத்தில் ஏறி உட்கார்ந்தால் மாறாமல் போய்விடலாம். அதனால் மாதப் பாஸை இதே அட்டையில் ஏற்றிக்கொள்வேன். வந்த புதிதில் 1,280 டாலர், தைபேயும் அதைச் சுற்றியிருக்கும் புதிய தைபேயும் மட்டும். 2023 ஜூலையிலிருந்து 1,200 டாலர், கீலுங்கும் தாவ்யுவானும் சேர்த்து. பரப்பு கூடி விலை குறைந்த பொருளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மெட்ரோ, பஸ், சாதாரண ரயில், யூபைக் என்ற வாடகை சைக்கிளில் முதல் அரை மணி நேரம் எல்லாம் இதில் அடக்கம். டிக்கெட் காசு மனதில் ஓடாதபோது ஊர் சுற்றுகிற விதமே மாறிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மா கீலுங் போய், துறைமுகத்தில் கப்பலைப் பார்த்துவிட்டு வந்த நாட்கள் நிறைய.

சிவப்புத் தடத்தின் கடைசி நிலையம் தம்சுயி. அங்கிருந்து ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் பாலிக்குப் படகு உண்டு, அதற்கும் இதே அட்டைதான். வழியில் பெய்தோவில் இறங்கி, நடந்தே வெந்நீர் ஊற்றுப் பள்ளத்தாக்குக்குப் போகலாம். பச்சை நீரில் ஆவி பறக்க, கந்தகம் மூக்கைத் துளைக்கும். ஆனால் யாராவது ஊரிலிருந்து வந்தால் நான் முதலில் கூட்டிப்போவது மாவ்கோங் மலைக்குத்தான். மிருகக்காட்சி சாலை வரை பழுப்புத் தடத்தில் போக வேண்டும். அந்த ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது; முன்கண்ணாடி ஓரம் இடம் பிடித்தால் கட்டடங்களுக்கு நடுவே நாமே ஓட்டிப்போகிற மாதிரி இருக்கும். அப்புறம் 4 கிலோமீட்டர் கம்பிவட ஊர்தி, 2007இல் திறந்தது. கண்ணாடித் தரை உள்ள பெட்டிக்குத் தனி வரிசை. மேலே தேநீர்க் கடைகளில் அந்த மலையின் தியேகுவான்யின் கிடைக்கும், நம் ஊர் டீ நினைப்போடு குடிக்கக் கூடாது. மாதப் பாஸ் இங்கே செல்லாது, அட்டையில் இருக்கும் பணம் கழியும். திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். நான் போய் ஏமாந்தவன்.

சரி, குறைகள். மெட்ரோ வாசலில் அட்டையைத் தட்டி உள்ளே போய்விட்டால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. சூயிங்கமும் கூடாது. அபராதம் 1,500 முதல் 7,500 டாலர் வரை. ஆகஸ்ட் வெயிலில் கையில் பாட்டிலை வைத்துக்கொண்டு நாக்கு வறள நிற்பது தனி அனுபவம். ரயில் அத்தனை சுத்தமாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று தெரியும், இருந்தாலும் தாகம் தாகம்தான்.

முதல் அட்டை ஜியூஃபென் போகும் வழியில், ருய்ஃபாங் நிலையத்தில், மழையில் குடையும் பையுமாகத் தடுமாறியபோது விழுந்தது. உள்ளே 900 டாலர் இருந்தது. பெயர் பதிவு செய்யாததால் போனது போனதுதான். இரண்டாவதைப் பின் பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்து உட்கார்ந்தே உடைத்தேன். மூன்றாவதைக் குடியிருப்பு அட்டை எண்ணோடு பதிவு செய்துவிட்டேன். தொலைந்தாலும் மீதிப் பணத்தை மீட்கலாம். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரமே இதைச் செய்துவிடுங்கள்.

இன்னொரு குறை உண்டு, அது அட்டையின் குற்றம் என்று முழுசாகச் சொல்ல முடியாது. ரயிலில் தட்டு, பஸ்ஸில் தட்டு, செவன் இலெவனில் பால் வாங்கத் தட்டு. வாயைத் திறக்கவே வேண்டாம். முதல் மூன்று வருடம் என் மாண்டரின் ‘ஷியே ஷியே’ என்ற நன்றியைத் தாண்டவில்லை.

மொழி வந்தது அட்டை செல்லாத இடத்தில். வீட்டருகே ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை, காசு மட்டும்தான் வாங்குவார்கள். கீரை, கத்தரிக்காய், டோஃபு என்று வேண்டியதைத் தட்டில் எடுத்துப் போய் நீட்டினால் கடைக்கார அம்மா எடை போட்டு விலை சொல்வார். அந்த வயதுப் பெண்களை இங்கே ‘ஆயி’ என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் ஊரில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம் என்பதால் எனக்கு அந்தச் சொல் கூச்சமில்லாமல் வந்தது. “பா ஷி வூ” என்பார். நான் விழிப்பேன். உடனே கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி 85ஐக் காட்டுவார். பிறகு முட்டை சாப்பிடுவேனா என்று கேட்க ஆரம்பித்தார், மழை நாளில் குடை எங்கே என்று அதட்டினார். பதில் சொல்ல வேண்டியிருந்ததால் சொல்லப் பழகினேன்.

இரண்டு வருடமாக ஆயி எனக்குக் கால்குலேட்டரைத் திருப்புவதில்லை.