ஓம் மீட்டரா, வோல்ட்–ஆம்பியர் கணக்கா?

மின்தடையை அறிய இரண்டு வழி. மல்ட்டிமீட்டரை ஓமில் வைத்து நேராக அளக்கலாம். இல்லையென்றால், பொருள் ஓடும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் எடுத்து வகுக்கலாம்.

முதலாவது சுலபம். பிளக்கைக் கழற்றிவிட்டு அளப்பதால் ஷாக் பயமும் இல்லை. உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்க இதுவே போதும். ஆனால் பழைய 100 வாட் குண்டு பல்பை இப்படி அளந்தால் சுமார் 40 ஓம்தான் காட்டும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் 1,300 வாட்டுக்கு மேல் வரும், வீடு தாங்குமா! எரியும்போது இழை சூடேறித் தடை எகிறிவிடுகிறது. 230 வோல்ட்டை 0.435 ஆம்பியரால் வகுத்தால் 529 ஓம். அதே வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் 100 வாட். பவர் தெரிய வேண்டுமென்றால் என் ஓட்டு இந்தக் கணக்குக்குத்தான். ஆம்பியர் எடுக்க, வயரைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் மீட்டரை ஒரே ஒரு வயரில் மட்டும் மாட்டுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான்.

வாட்டர் ஹீட்டர் கம்பியில் இந்த வம்பு இல்லை, சூட்டிலும் தடை அதிகம் மாறாது. பாளையங்கோட்டை வீட்டில் வோல்ட்டேஜ் 200க்கு இறங்கினால் 230 வோல்ட்டில் 1,000 வாட் தரும் கம்பி சுமார் 756 வாட்தான் தரும்.

அம்பாசமுத்திரத்து வயல் பம்ப்செட் வேறு கதை. ஓமில் அளந்தால் மோட்டார்ச் சுருளின் தடை மட்டுமே தெரியும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினாலும், அதில் எவ்வளவு பங்கு நிஜ பவர் என்று காட்டும் பவர் ஃபேக்டராலும் பெருக்க வேண்டும். மூன்று ஃபேஸ் என்றால், இரண்டு ஃபேஸுக்கு இடையே எடுத்த வோல்ட்டோடு கூடவே 1.73-ஆலும் பெருக்க வேண்டும்.