பி.ஜி.எம்.ஐ. வீட்டுக்குள் வந்து இரண்டு வருஷம்: ஒரு அம்மாவின் கணக்கு

2023 மே மாதம் பி.ஜி.எம்.ஐ. (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்கிற துப்பாக்கிச் சண்டை போன் கேம் மறுபடியும் பிளே ஸ்டோருக்கு வந்தது. அடுத்த வாரமே குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. மகனுக்கு அப்போது 14 வயது. அவன் அப்பா கத்தாரில் வேலை, அதனால் நடுவர் நான்தான்.

முதல் ஆறு மாதம் ராத்திரி எட்டரை ஆனால் சண்டை. கஞ்சியும் பயறும் ஆறிக்கொண்டிருக்கும்.

"மக்கா, சாப்பிட வா."

"எம்மா, கடைசி சோன். இப்ப எந்திரிக்க முடியாது." (சோன் என்றால் ஆட்டம் போகப்போகச் சுருங்கிக்கொண்டே வரும் வட்டம்.)

ஒருநாள் கோபத்தில் வைஃபை வயரைப் பிடுங்கிவிட்டேன். கூட ஆடிய மூன்று பேரும் அவன் வகுப்புப் பையன்கள். பாதியில் ஓடிப்போனவன் என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரே கேலி. இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இது நிறுத்திவைத்து ஆடுகிற விளையாட்டு இல்லை. எராங்கல் என்கிற பெரிய மேப்பில் 100 பேர் இறங்குகிறார்கள். கடைசிவரை பிழைத்தால் அரை மணி நேரம் ஆகும். நாலு பேருக்கு எதிராக நாலு பேர் மோதும் டி.டி.எம். (டீம் டெத்மேட்ச்) பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். இதே மாதிரி இன்னொரு கேமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆட்டமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மணிக்கணக்கு இல்லை, மேட்ச் கணக்கு: பள்ளி நாளில் ஒரு பெரிய மேட்ச், இல்லையென்றால் மூன்று டி.டி.எம். எட்டு மணிக்குமேல் எராங்கல் கிடையாது. எட்டரைச் சண்டை முக்கால்வாசி அதோடு ஓய்ந்தது. இடவப்பாதி மழையில் ரப்பர் மரக்கொம்பு லைனில் விழுந்து கரண்ட் போனால் மட்டும் இன்னொரு மேட்ச் கேட்பான். கொடுத்துவிடுவேன், பாவம்.

2023-ல் பி.ஜி.எம்.ஐ. திரும்பி வந்தபோது ஒரு பூட்டும் இருந்தது: 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் போனுக்கு ஓ.டி.பி. வரும், ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் ஆட முடியும். என் மகன் வயதைக் கூட்டிப் போட்டுவிட்டான். ஆகவே அந்தப் பூட்டை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

பணமும் போனது. என் போனில் யு.சி. (கேமுக்குள் செலவழிக்கிற காசு) வாங்கி 1,350 ரூபாய் காலி. எல்லாம் ஒரு துப்பாக்கிக்குப் பளபளப்புச் சட்டை போட. அன்றைக்கே பிளே ஸ்டோரில் எது வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றினேன். இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

ரத்தத்தைவிட என்னைப் பயமுறுத்தியது வாய்ஸ் சாட்தான். முன்பின் தெரியாதவர்களோடு ஸ்குவாடு, அதாவது நாலு பேர் அணி, சேர்ந்தால் என்ன பேச்செல்லாம் காதில் விழுகிறது! குமரிக்காரிக்கு மலையாளக் கெட்ட வார்த்தையை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது தெரிந்த பையன்கள் இருந்தால் மட்டும் மைக்கும் ஸ்பீக்கரும். மற்ற நேரம் இரண்டும் ஆஃப்.

ஹெட்போன் விஷயத்தில் மட்டும் இன்னும் தோல்விதான். எதிரியின் காலடிச் சத்தம் கேட்க வேண்டுமாம், ஒலியை முழுக்க வைத்துக்கொள்கிறான். நேற்று கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்.