ஓப்பன்எல்டாப் சர்வரும் தாமதமான லாகினும்: ஓர் ஆய்வகப் பராமரிப்பாளரின் அனுபவம்

நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகங்களுக்காக, மாணவர்களின் பயனர் பெயர், கடவுச்சொல், குழு விவரங்களை ஒரே இடத்தில் வைத்து லாகினைச் சரிபார்க்கும் ஓப்பன்எல்டாப் சர்வரை 2015 முதல் பராமரித்து வருகிறேன். குலசேகரத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் பஸ் பிடித்து வரும் மாணவர்கள் முதல் பாடவேளையில் ஒரே நேரத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, திரை எப்போது திறக்கும் என்று காத்திருப்பதே அந்த முதல் ஆண்டின் வாடிக்கையாக இருந்தது. செய்முறைத் தேர்வு நாளில் அந்தக் காத்திருப்பு எவ்வளவு பதற்றம் தரும் என்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன்.

ரேம் போதவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி ரேமைக் கூட்டினேன், பயனில்லை. பிறகுதான் சர்வர் தன் செயல்களைப் பதிந்துவைக்கும் லாகை வரிவரியாகப் படித்தேன். கடவுச்சொல் சரிபார்ப்பு உடனே முடிந்துவிடுகிறது. அதன்பின், அந்த மாணவர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்று லினக்ஸ் கேட்கும் தேடலில்தான் நேரம் போகிறது. 'மெம்பர்யூஐடி நாட் இண்டெக்ஸ்டு' என்ற வரி நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்திருந்தது. பயனர் பெயரான யூஐடிக்கு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) போட்டிருந்த நான், குழு உறுப்பினர்களின் பெயர் இருக்கும் மெம்பர்யூஐடி புலத்தை விட்டுவிட்டேன். அதனால் ஒவ்வொரு லாகினுக்கும் சர்வர் குழுப் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, சேவையை நிறுத்தி, இண்டெக்ஸை உருவாக்கும் ஸ்லாப்இண்டெக்ஸ் கட்டளையை ஓட்டினேன். அதை முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக ஓட்டியதால், புதிதாக உருவான மெம்பர்யூஐடி.பிடிபி கோப்பு ரூட்டின் உடைமையாகிவிட, ஓப்பன்எல்டாப்பின் சேவையான ஸ்லாப்டி எழவே மறுத்தது. உரிமையை ஓப்பன்எல்டாப் பயனருக்கு மாற்றிய பிறகு எழுந்தது. மறுநாள் காலை பெயரைத் தட்டிய கையோடு திரை திறந்தது. அந்த மகிழ்ச்சியில் எல்லாப் புலங்களுக்கும் இண்டெக்ஸ் போடத் தோன்றும், போடக்கூடாது. புதிய மாணவர்களை மொத்தமாகச் சேர்க்கும்போது ஒவ்வொரு இண்டெக்ஸும் எழுதும் வேலையைக் கூட்டுகிறது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்து மாவட்டமே மின்சாரமின்றிக் கிடந்தபோது, யுபிஎஸ் தீர்ந்து சர்வர் பாதியில் அணைந்தது. சர்வர் தன் பதிவுகளைச் சேமித்துவைத்திருந்த பழைய பிடிபி தரவுத்தளத்தை மீட்டெடுத்த பிறகே சேவை தொடங்கியது. அதன்பின் எம்டிபி என்ற வேறொரு சேமிப்பு அமைப்புக்கு மாறினேன். திடீரென அணைந்தாலும் தனியாக மீட்பு வேலை தேவைப்படாத அந்த அமைப்பு, இரண்டு பருவமழையிலும் மின்சாரம் போய்வரும் எங்கள் ஊருக்கு மிகவும் பொருந்துகிறது. 2021இல் வெளியான ஓப்பன்எல்டாப் 2.5 பதிப்பில் பிடிபி நீக்கப்பட்டேவிட்டதால், இன்னும் மாறாதவர்கள் தள்ளிப்போட வேண்டாம். எம்டிபியில் அதிகபட்ச அளவை முன்கூட்டியே தாராளமாகக் கொடுத்துவிட வேண்டும்; அந்த அளவு நிறைந்தால் புதிய பதிவு எதுவும் ஏறாது.

ஆய்வகக் கணினிகளில், சர்வரிடமிருந்து பயனர் விவரங்களை வாங்கித் தரும் எஸ்எஸ்எஸ்டி மென்பொருளை வைத்து, குழு உறுப்பினர் பட்டியலைத் தவிர்க்கும் அமைப்பையும் இயக்கியிருக்கிறேன். எல்லா மாணவர்களும் அடங்கிய பெரிய குழு உள்ள இடத்தில் இது நல்ல பலன் தருகிறது. ஆனால் அந்தக் கணினிகளில் குழுவைக் கேட்டால் உறுப்பினர் யாரும் இல்லாததுபோல் தெரியும் என்பதால், பட்டியல் வேண்டும் என்று வரும் ஆசிரியர்களுக்கு இப்போதும் நேரடியாகச் சர்வரிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறேன்.