தலைகீழ் இஸ்திரிப் பெட்டியில் எஸ்.எம்.டி. பற்றவைப்பு

செங்கோட்டையில் என் வீட்டு மாடியறையில், பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றை அடித்தட்டு மேலே வருமாறு சட்டத்தில் பொருத்தி, எஸ்.எம்.டி. எனப்படும், சர்க்யூட் போர்டின் மேற்பரப்பிலேயே அமரும் சிறு மின்னணு உறுப்புகளைப் பற்றவைக்கச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். நீராவிப் பெட்டி இதற்கு ஆகாது. அதன் துளைகளால் போர்டு தட்டில் முழுமையாகப் படியாது. ஈயமும், அது பற்ற உதவும் ஃப்ளக்ஸும் பட்ட பெட்டியை மறுபடி துணிக்கு எடுக்கவும் கூடாது.

அலுமினியத் தகட்டில் அமைந்த எல்.இ.டி. பல்பு போர்டுகளுக்கு இது மிகவும் பொருத்தமான முறை. மேலிருந்து ஹாட் ஏர் அடித்தால் அலுமினியம் சூட்டை இழுத்துக்கொள்வதால், ஈயம் இளகுவதற்குள் எல்.இ.டி. கருகிவிடக்கூடும், கீழிருந்து சூடேற்றும்போது அந்தக் குணமே நமக்கு உதவுகிறது. கண்ணாடியிழை போர்டு மெதுவாகவே சூடேறும். இருபுறமும் உறுப்புகள் உள்ளதைத் தட்டில் வைக்கவே முடியாது.

குமிழில் உள்ள 'காட்டன்' குறியை நம்பி வேலை செய்ய இயலாது, ஏனெனில் உள்ளிருக்கும் ஈருலோகத் தகடு விட்டுவிட்டு இயங்குவதால் வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே, மல்டிமீட்டரின் கே வகை தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) நுனியைச் சூட்டைத் தாங்கும் காப்டான் டேப்பால் போர்டின் மேல் ஒட்டி, அந்த அளவையே பின்பற்றுகிறேன். 63% வெள்ளீயமும் 37% ஈயமும் கொண்ட 63/37 பற்றவைப்புப் பேஸ்ட் 183 டிகிரி செல்சியஸில் உருகும். 150 டிகிரியை ஒட்டி ஒன்றரை நிமிடம் வைத்து, 210 வரை ஏற்றி, பளபளப்பு வந்ததும் விரைவில் இறக்கிவிடுகிறேன். ஈயமில்லாத பேஸ்டுக்கு 240 டிகிரி வரை தேவைப்படுவதால் அதை இதில் முயல்வதில்லை.

மாலையில் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 190-க்கு இறங்கினால், 1000 வாட் பெட்டி சுமார் 680 வாட் மட்டுமே தரும். சூடு மெதுவாக ஏறி, பேஸ்ட் உருகுவதற்கு முன்பே அதிலுள்ள ஃப்ளக்ஸ் தீர்ந்துவிடுவதால் பகலில்தான் வேலை செய்கிறேன். ஆரியங்காவு கணவாய்க் காற்று வீசும் சாரல் காலம் இன்னும் சிக்கலானது. புகை வெளியேற ஜன்னலைத் திறந்தாக வேண்டும். திறந்தாலோ போர்டின் ஒரு பக்கம் குளிர்ந்து, முதலில் உருகிய முனையின் பரப்பு இழுவிசையால் சிறு கெப்பாசிட்டர்கள் செங்குத்தாக எழுந்து நிற்கும். மேற்குப் பக்கம் தகரத் தடுப்பு வைத்த பின் இது வெகுவாகக் குறைந்தது. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த பேஸ்டை, மூடியைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். இல்லையெனில் ஈரம் கோத்து, சூடேறும்போது ஈயம் மணிமணியாகத் தெறிக்கும்.

அடியில் ஈய உருண்டைகள் வரிசையாக உள்ள பி.ஜி.ஏ. சிப்புகளை மட்டும் இதில் வைப்பதில்லை. அவற்றைத் தென்காசியில் மொபைல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன்.